டீச்சர் பதில்கள்: அந்த இன்னொரு சீட்டு

டீச்சர், என் மகள் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். 2024 ஜூன் 7-ம் தேதி அங்கே தேர்தல். தனக்கும் ஓட்டு உண்டு என்று தெரிந்து, நைட் டியூட்டி முடித்த கையோடு போயிருக்கிறாள். முன்னால் நின்ற உள்ளூர்ப் பெண்ணுக்கு இரண்டு ஓட்டுச் சீட்டு கொடுத்தார்களாம். இவளுக்கு ஒன்றுதான். மற்றது ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கான சீட்டாம். வெளியே வந்ததும் அந்தப் பெண், "வருத்தப்படாதே, அந்தச் சீட்டால் எங்களுக்கே ஒன்றும் நடப்பதில்லை, எல்லாம் பிரஸ்ஸல்ஸில் முடிவு செய்கிறார்கள்" என்றாளாம். அது நிஜமா?
*ஏலப்பாறையிலிருந்து ஒரு அம்மா*

உங்கள் கடிதம் வந்த அன்று குமுளி செக்போஸ்ட் பக்கம் நின்றிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் மலையேறி வந்துகொண்டிருந்தன. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்கியபடி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க வரும் பெண்கள். அவர்கள் வேலை செய்யும் தோட்டத்துக்குக் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று முடிவு செய்வது திருவனந்தபுரம். அவர்கள் ஓட்டுப் போடுவது தேனி மாவட்டத்தில். பகல் முழுக்கத் தங்களை ஆளும் அரசைக் கேள்வி கேட்கும் சீட்டு அவர்கள் கையில் இல்லை. உங்கள் மகள் பட்டது எனக்கு உடனே புரிந்ததற்கு அந்த ஜீப்புகள்தான் காரணம்.

முதலில் அந்தச் சீட்டு விஷயம். அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் அங்கே வசிக்கிற எந்த நாட்டுக்காரரும் ஓட்டுப் போடலாம். நல்ல ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஏதாவது ஒன்றின் குடியுரிமை வேண்டும். அன்று இரண்டு தேர்தலும் ஒரே நாளில் வந்ததால்தான் ஒருத்திக்கு இரண்டு சீட்டு, இன்னொருத்திக்கு ஒன்று.

அந்த உள்ளூர்ப் பெண் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் உங்கள் மகளும் ஓட்டை மதிக்காமல் போய்விடுவாள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். சட்டம் அங்கே மூன்று இடங்களைக் கடந்து வருகிறது. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் சட்ட வரைவை எழுதுகிறது. நாட்டுக்கு ஒருவராக 27 ஆணையர்கள். புதுச் சட்டத்துக்கு முன்மொழிவு வைக்கும் உரிமை கிட்டத்தட்ட முழுவதும் இவர்களிடம்தான். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் நம் ஊர் எம்.பி. போலத் தனிநபர் மசோதாவைக் கொண்டுவர முடியாது. இரண்டாவது இடம் அமைச்சர்கள் கவுன்சில். 27 அரசுகளின் அமைச்சர்களும் அங்கே உட்காருவார்கள். பெரும்பாலான விஷயங்களில் 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மொத்த மக்களில் 65 சதவீதம் பேராவது இருக்க வேண்டும். மூன்றாவதுதான் உங்கள் மகளுக்குக் கிடைக்காத சீட்டு போய்ச் சேரும் நாடாளுமன்றம். 720 இடங்கள். ஜெர்மனிக்கு 96, அயர்லாந்துக்கு 14, மால்டாவுக்கு 6.

மால்டாவில் சுமார் ஐந்தரை லட்சம் பேர்தான். ஜெர்மனியில் எட்டு கோடிக்கு மேல். கணக்குப் போட்டால் மால்டாவில் தொண்ணூறாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர், ஜெர்மனியில் எட்டே முக்கால் லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர். ஒருவருக்கு ஓர் ஓட்டு என்றால் எல்லா ஓட்டும் சம எடை இருக்க வேண்டாமா என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமே 2009-ல், ஒன்றியத்தின் விதிகளை மாற்றிய லிஸ்பன் ஒப்பந்தம் பற்றிய வழக்கில் இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டியது. சின்ன நாடு கரைந்து போகாமல் இருக்க இந்தச் சலுகை தேவை என்றே நான் நினைக்கிறேன். தொகுதி மறுவரையறை என்ற பேச்சு வந்தாலே தமிழ்நாடும் கேரளமும் ஏன் பதறுகின்றன என்று தெரிந்தவர்களுக்கு மால்டாவின் பயம் புரியும்.

இப்போது அயர்லாந்து. அங்கே ரேமண்ட் க்ரோட்டி என்று ஒருவர் இருந்தார். விவசாயம் பார்த்து, பிறகு பொருளாதாரம் படித்தவர். ஐரோப்பிய ஒப்பந்தம் ஒன்றை மக்களைக் கேட்காமல் அரசு ஏற்கப் போனபோது, தனி ஆளாக நீதிமன்றம் போனார். 1987-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து, நாட்டின் அதிகாரத்தைக் கணிசமாக விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவானாலும் அயர்லாந்து மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு மனிதர் வாங்கிய உரிமை அது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2008 ஜூனில் லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு அயர்லாந்து மக்கள் 53.4 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். அந்த ஒப்பந்தப்படி ஆணையர்களின் எண்ணிக்கை குறைய வேண்டும். சுழற்சி முறையில் சில நாடுகளுக்கு ஆணையரே இருக்க மாட்டார். அயர்லாந்து 'வேண்டாம்' என்ற பிறகுதான், எல்லா நாட்டுக்கும் ஓர் ஆணையர் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொள்வதாக மற்ற அரசுகள் வாக்குக் கொடுத்தன. 2009 அக்டோபரில் மறுபடி வாக்கெடுப்பு, 67.1 சதவீதம் 'சரி'. விரும்பிய பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதா என்று அங்கே பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இன்று மால்டாவுக்கும் எஸ்டோனியாவுக்கும் ஆணையத்தில் ஒரு நாற்காலி இருக்கிறதென்றால், அதில் அயர்லாந்து வாக்காளர்களின் கை இருக்கிறது.

ஆகவே, சின்ன நாட்டின் சொல் எடுபடுமா என்றால் எடுபடும். ஓட்டுப் போட்டவர் போய், "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. எனக்கு அதுதான் முக்கியம். அடுத்த கடிதம் அங்கேதான் கொண்டுபோகிறது.

2014-ல் ஐரோப்பாக்காரன் நம் பாகற்காயையும் புடலங்காயையும் தடை செய்தான். நாங்கள் அவனுக்கு ஓட்டுப் போட்டோமா? யாரைப் போய்க் கேட்பது டீச்சர்?
*பந்தல் விவசாயி, கூடலூர்*

அந்த வருடம் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. என் தம்பிக்கு லோயர் கேம்ப் போகிற வழியில் ஒன்றரை ஏக்கர் கல்தூண் பந்தல். கொச்சி விமான நிலையம் வழியாகக் காய் அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் அவனிடம் பாகற்காய் எடுத்துக்கொண்டிருந்தார். மே மாதம் பிறந்ததும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். தம்பி என் வீட்டுத் திண்ணையில் ஒரு காயை வைத்து அறுத்துக் காட்டினான். வெளியே ஊசி குத்தினாற்போல் ஒரே ஒரு புள்ளி. உள்ளே விதையைச் சுற்றி வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. "அக்கா, இதை நானே சாப்பிட மாட்டேன். ஆனா எல்லாக் காயும் இப்படி இல்லையே" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பக்க நியாயமும் இருக்கிறது. 2013-ல் இந்தியாவிலிருந்து போன 207 சரக்குகளில் பழ ஈயும் வேறு பூச்சிகளும் பிடிபட்டன. அந்த ஈ அங்கே பரவினால் அவர்கள் விவசாயி அழிவான். தடைக்குக் காரணம் இருந்தது, மறுக்க மாட்டேன். 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஐந்தும் நின்றன. அவர்களுடைய ஆய்வாளர்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு 2015 தொடக்கத்தில் மாம்பழத்துக்கு முதலில் வழி திறந்தது.

முடிவெடுத்தது யார் என்று கேட்டீர்கள். பயிர்ப் பாதுகாப்பு நிபுணர் குழு ஒன்று. அப்போது ஒன்றியத்தில் 28 நாடுகள். ஒவ்வொரு நாட்டு அரசும் அனுப்பிய அதிகாரிகள் அதில் இருந்தார்கள். ஆணையம் முன்வைக்கும், குழு சம்மதிக்கும், உத்தரவு வரும். நாடாளுமன்றத்தில் விவாதம் கிடையாது. பிரிட்டன் அன்று உறுப்பு நாடு. அங்கே லெஸ்டர் நகரில் நம்மவர் கடைகளுக்கு மாம்பழ சீசனே போச்சு என்று அந்தத் தொகுதி எம்.பி. கீத் வாஸ் குரல் கொடுத்தார். ஓட்டு இருந்த லெஸ்டர் கடைக்காரருக்கே அந்தக் குழுவில் தன் நாட்டு அதிகாரி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளும் வழி சுலபமாக இல்லை என்றால், ஓட்டே இல்லாத என் தம்பிக்கு எங்கே வழி?

நமக்கு இருக்கும் வழி ஒன்றுதான். நம் அரசு அவர்கள் அரசோடு பேச வேண்டும், நாம் நம் அரசை விடாமல் கேட்க வேண்டும். அதுவும் பலன் தருகிறது. காடழிப்பு ஒழுங்குமுறை என்று 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காப்பி, ரப்பர் போன்றவை உள்ளே வரக்கூடாது, விளைந்த நிலம் எது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். காடு பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. பெரியாறு காட்டின் ஓரத்தில் பிறந்தவள் நான். ஆனால் ஐம்பது சென்ட் காப்பி வைத்திருக்கும் ஒருவர் எந்த போனில் எந்த வரைபடத்தைக் காட்டுவார்? ஒன்றியத்துக்குள் இருந்த அரசுகளும் வெளியே விளைவிக்கும் நாடுகளும் சேர்ந்து எதிர்த்ததில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவது இரண்டு முறை தள்ளிப்போனது. காப்பிக்காரர்களும் ரப்பர்காரர்களும் இந்த அவகாசத்தில் பட்டா, சர்வே எண் எல்லாம் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பிப் போர்டு, ரப்பர் போர்டு அலுவலகங்களில் போய்க் கேளுங்கள்.

ஒரே ஒரு நாடு 'முடியாது' என்றால் 26 நாடும் கைகட்டி நிற்கிறதே. இது ஜனநாயகமா, கட்டப்பஞ்சாயத்தா?
*கல்லூரி மாணவர், உத்தமபாளையம்*

தம்பி, வெளியுறவு, வரி, புது நாட்டைச் சேர்ப்பது போன்றவற்றில்தான் அப்படி. அங்கே எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 14 இரவு நடந்ததைச் சொல்கிறேன். உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கப் பேச்சைத் தொடங்கலாமா என்று 27 தலைவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் மட்டும் எதிர்ப்பு. ஜெர்மனியின் அன்றைய ஆட்சித் தலைவர் ஷோல்ஸ் யோசனை சொல்ல, ஓர்பான் எழுந்து அறையை விட்டு வெளியே போகிறார். அவர் வெளியே இருந்த நேரத்தில் மற்ற 26 பேரும் 'சரி' என்று முடித்துவிட்டார்கள். அதே கூட்டத்தில், உக்ரைனுக்கு 5,000 கோடி யூரோ தரும் திட்டத்தை ஓர்பான் தடுத்தார். 2024 பிப்ரவரி 1-ம் தேதிதான் இறங்கி வந்தார்.

அந்தக் கதவைத் திறந்து வெளியே போனவரின் ஊரில் இருக்கும் வாக்காளரை நினைத்துப் பார். தன் பிரதமர் எதிர்த்தாரா, அனுமதித்தாரா? இரண்டும்தான். அவரிடம் எதைக் கேட்பது? வீட்டோ என்கிற இந்தத் தடுக்கும் உரிமை நாட்டின் பலம் என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் அரசின் பலமாக மட்டுமே இருக்கிறது. மூடிய அறைக்குள் என்ன கொடுத்து என்ன வாங்கினார்கள் என்று மக்களுக்குத் தெரியாத வரை, நாட்டின் செல்வாக்கு கூடக் கூட மக்கள் கணக்குக் கேட்பது குறைந்துகூடப் போகலாம்.

இதற்கு டென்மார்க்கில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முக்கியமான விஷயம் என்றால், அமைச்சர் பிரஸ்ஸல்ஸ் போவதற்கு முன்னால் தன் நாட்டு நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழு முன் வந்து, "நான் அங்கே இப்படி நிற்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். குழுவில் பெரும்பான்மை எதிர்த்தால் அந்த நிலைப்பாட்டோடு போக முடியாது. 1973-ல் டென்மார்க் சேர்ந்ததிலிருந்து இந்தப் பழக்கம் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸைத் திருத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு நாடும் தன் அமைச்சரைக் கட்டிப்போட வேண்டும் என்பதே என் கருத்து. அமைச்சர் அங்கே கை தூக்கிவிட்டு, ஊருக்கு வந்து "பிரஸ்ஸல்ஸ் செய்துவிட்டது" என்று சொல்லித் தப்பிக்கும் வழக்கம்தான் 27 நாட்டு ஜனநாயகத்தையும் அரிக்கிறது.

இங்கே என்ன வாழ்கிறது என்று கேட்பாய். ஜி.எஸ்.டி. கவுன்சிலைப் பார். ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. சிக்கிமுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் ஒரே எடை. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். தொடங்கியதிலிருந்து பேசிப் பேசியே முடித்துக்கொண்டிருந்தவர்கள், 2019 டிசம்பரில்தான் முதன்முதலாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். எதற்கு? லாட்டரி வரிக்கு. குமுளி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நீ பார்க்கிறாயே, அந்த லாட்டரிக்குத்தான். கம்பத்துக்காரர் இங்கே வந்து வாங்குகிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்த வரி இருக்கிறது. கவுன்சிலுக்குப் போவதற்கு முன்னால் நம் நிதியமைச்சர்கள் டென்மார்க் போலச் சட்டமன்றக் குழுவிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று யாராவது கேட்டால், முதல் கையெழுத்து நான் போடுவேன்.

ஐரோப்பிய ஆணையத் தலைவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அவரைக் கேள்வி கேட்க முடியுமா?
*வாசகி, போடி*

உர்சுலா வான் டேர் லேயனை நாட்டுத் தலைவர்கள் முன்மொழிந்தார்கள், 2024 ஜூலை 18-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 401 ஓட்டோடு ஏற்றுக்கொண்டது. நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் ஆணையம் முழுவதையும் அனுப்பிவிடலாம். 2025 ஜூலையில் அப்படி ஒரு தீர்மானம் வந்து தோற்றது.

கேள்வி கேட்க முடிந்ததற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கோவிட் தடுப்பூசி வாங்கும் காலத்தில் அவரும் ஃபைசர் நிறுவனத் தலைவரும் பரிமாறிக்கொண்ட குறுஞ்செய்திகளைக் காட்டுங்கள் என்று நியூயார்க் டைம்ஸ் நிருபர் கேட்டார். எங்களிடம் இல்லை என்றது ஆணையம். 2025 மே 14-ல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், அப்படிச் சொன்னால் போதாது, ஏன் இல்லை என்று நம்பும்படி விளக்க வேண்டும் என்று ஆணையத்தின் மறுப்பை ரத்து செய்தது. நம் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, "தகவல் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வாங்கிய எல்லாருக்கும் இந்தத் தீர்ப்பு இனிக்கும்.

நீங்கள் கேரளத்தில் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிறீர்கள். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துக்குப் போனதில் உங்களுக்கு வருத்தம் இல்லையா?
*மூத்த வாசகர், செங்கோட்டை*

ஐயா, உங்கள் ஊர் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டுப் பக்கம் போனது, என் ஊர் கேரளத்தின் பக்கம் நின்றது. மூன்று பேர் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் பரிந்துரைத்தது, டெல்லி முடிவு செய்தது. தோட்ட வேலைக்கு வந்து போகிற கூட்டம் என்ற வாதம் எங்கள் எண்ணிக்கைக்கு எதிராக வைக்கப்பட்டது.

என் அப்பா வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தார். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் லயத்துக்கு லயம் நடந்து வாங்கிய மனு ஒன்றின் நகலை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கையெழுத்துகள் கொஞ்சம். மீதி எல்லாம் கைநாட்டு, ஊதா மையில். கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்த விரல்கள்; பல இடத்தில் வெறும் மை வட்டம்தான் விழுந்திருக்கும். சின்ன வயதில் அந்த வட்டங்களை விரலால் தடவிப் பார்ப்பேன். அந்த மனுவுக்கு வேண்டாம் என்றுகூட ஒரு பதில் வரவில்லை.

கேரளம் எனக்கு வேலை தந்தது. தமிழ் மீடியம் பள்ளியில் முப்பது வருடம் தமிழிலேயே சமூக அறிவியல் நடத்த விட்டது. இங்கே கிராமசபையில் எழுந்து நின்று கேட்டால் பதில் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் என்ற வருத்தம் எனக்கு ஆறிவிட்டது. பதில் வராத அந்த மனு மட்டும் ஆறவில்லை.

ஏலப்பாறை அம்மா கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது: மகள் அயர்லாந்துக் குடியுரிமைக்கு மனுப் போடலாமா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

ஐந்து வருடம் அங்கே வசித்த கணக்கு வந்தால் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் 2029-ல் நடக்கும் அடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அந்த இன்னொரு சீட்டும் அவளுக்கு உண்டு. ஆனால் இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை தருவார்கள், அதில் வந்து போகலாம், ஓட்டுப் போட முடியாது. இந்தியக் குடிமகளாகவே இருந்தால் வெளிநாட்டு வாக்காளராகப் பெயர் சேர்த்துக்கொள்ளலாம்; தேர்தல் அன்று நேரில் வந்துதான் போட வேண்டும்.

மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வேலை, குழந்தைகளின் படிப்பு, அவள் எங்கே வயதாகப் போகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த முடிவெடுத்தாலும், அந்த ஊர் உள்ளாட்சித் தேர்தல் சீட்டு ஏற்கெனவே அவள் கையில் இருக்கிறது. அடுத்த முறையும் நைட் டியூட்டி முடித்துப் போகச் சொல்லுங்கள்.